எண்ணெயைக் கட்டிப்போட்ட வளையங்கள்

1960களின் அமெரிக்கக் கார் ஒன்று ஒரு வாரம் ஷெட்டில் நின்றுவிட்டு நகரும்போது, தரையில் சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தால், அனுபவப்பட்ட மெக்கானிக் பானெட்டைத் தூக்குவதற்கு முன்பே கோளாறைச் சொல்லிவிடுவார். என்ஜின் ஆயில் கறுத்திருக்கும். ரேடியேட்டர் தண்ணீருக்குத் தனி நிறம், தனி வாசம். சிவப்பு எண்ணெய் ஊற்றும் இடங்கள் அந்தக் காரில் இரண்டே இரண்டு: ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ், பவர் ஸ்டீயரிங். திட்டு என்ஜினின் முன் மூலைக்கு நேர்கீழே இருந்தால், சந்தேகம் பெல்ட்டில் சுழலும் அந்தச் சிறிய பம்பின் மேல்தான் விழும்.

ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய பம்ப் அது. அதற்குள் எண்ணெயின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டைத் தொடும், சில வண்டிகளில் அதையும் தாண்டும். கார் டயரில் அடைத்திருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 30 பவுண்டுதான். இவ்வளவு பெரிய அழுத்தத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பவை சில ரப்பர் வளையங்களும் ஒரு ஆயில் சீலும். பவர் ஸ்டீயரிங்கின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தவர் பெயரோடும் முதலில் விற்ற கம்பெனியின் பெயரோடும் நின்றுவிடுகிறது. அந்த வளையங்களைப் பற்றிப் பேச்சே இருக்காது. ஆனால் 1926இல் ஓட்டிக் காட்டப்பட்ட ஒரு பொருள் 1951 வரை கார் கடைக்கு வராமல் இருந்த அந்த இடைக்காலத்தில்தான் எண்ணெயை அடைத்து வைக்கும் தொழிலே முழு வளர்ச்சி கண்டது. கசியும் பம்பைப் பிரிப்பவர் கையில் எடுப்பது அந்த இருபத்தைந்து ஆண்டுகளின் விளைச்சலை.

காரைத் திருப்புவது முதலில் தோள்பட்டைக்கான வேலையாக இருந்தது. வண்டி ஓடும்போது பரவாயில்லை. நின்ற நிலையில், சந்து முனையில், முன்சக்கரத்தை ஒடிக்கும்போதுதான் உடம்பு வலிக்கும். 1920களில் நிலைமை இன்னும் மோசமானது. ஃபயர்ஸ்டோன் கம்பெனி 1923இல் கொண்டுவந்த பலூன் டயர்களில் காற்றழுத்தம் குறைவு. பயணம் மெத்தென்று ஆனது. ஆனால் டயரின் அகலமான பரப்பு தரையோடு ஒட்டிக்கொண்டதால் ஸ்டீயரிங் கனத்தது. கார் செய்பவர்கள் இதற்குக் கண்ட வழி, ஸ்டீயரிங் பெட்டியின் பல் கணக்கை மாற்றுவது. பலம் குறைவாகப் போதும், ஆனால் சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பப் பல சுற்றுகள் சுற்ற வேண்டும். கையின் வலி போய்க் கையின் களைப்பு வந்தது.

இயந்திரத்தின் உதவியைக் கேட்கலாம் என்ற எண்ணம் இதற்கும் முந்தியது. 1903லேயே கொலம்பியா என்ற 5 டன் லாரியில் ஸ்டீயரிங்கைத் திருப்பத் தனி மின்மோட்டார் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அது பரவவில்லை.

பிரான்சிஸ் டபிள்யூ. டேவிஸ் வந்ததும் லாரிப் பக்கத்திலிருந்துதான். ஹார்வர்டில் படித்தவர். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பியர்ஸ்-ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்தவர். கனத்த லாரியைத் திருப்பும் ஓட்டுநர் என்ன பாடுபடுகிறார் என்று அருகிலிருந்து பார்த்தவர். 1922இல் வேலையை விட்டுவிட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்தம் ஊரில் ஒரு சிறிய பட்டறையை வாடகைக்கு எடுத்தார். கைக்கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. நுணுக்கமாக உலோகம் கடையத் தெரிந்த கைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. ஜார்ஜ் ஜெஸ்ஸப் என்ற கருவி வினைஞர் அவரோடு சேர்ந்துகொண்டார்.

எண்ணெயின் அழுத்தத்தால் ஒரு பிஸ்டனைத் தள்ளி, அந்தப் பிஸ்டனால் சக்கரத்தைத் திருப்பலாம் என்பது அன்றைக்குப் புதிய சிந்தனை இல்லை. தொழிற்சாலைகளில் ஹைட்ராலிக் பிரஸ்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் எண்ணெயை எப்போதும் உச்ச அழுத்தத்திலேயே சேமித்து வைத்திருப்பார்கள். வால்வு மூடியே இருக்கும், தேவைப்படும்போது திறக்கும். காரில் இதைச் செய்தால் வண்டி சும்மா நேர்ச்சாலையில் போகும்போதுகூட ஒவ்வொரு இணைப்பும் அந்த அழுத்தத்தைத் தாங்கியபடியே இருக்க வேண்டும். அன்றைய சீல்களோ தோலாலும் கயிற்றாலும் ஆனவை. ஒழுகும்.

டேவிஸ் இதைத் தலைகீழாக்கினார். என்ஜின் ஓட்டும் பம்ப் எண்ணெயைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருக்கட்டும், வால்வு திறந்தே இருக்கட்டும் என்றார். நேராகப் போகும்போது எண்ணெய் தடையின்றிப் பாய்ந்து தொட்டிக்கே திரும்பிவிடும், அழுத்தமே இராது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பும் கணத்தில் வால்வு லேசாக நகர்ந்து ஒரு பக்கத்து வழியை நெரிக்கும். நெரித்த பக்கத்தில் அழுத்தம் ஏறும், பிஸ்டன் நகரும். கையை விட்டால் அழுத்தம் விழுந்துவிடும். இன்றைக்கும் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள கார்களில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. கசிவை எதிர்த்துப் போராடுவதை விட்டு, கசிவதற்கான நேரத்தைக் குறைத்தார் டேவிஸ். அவருடைய மேதைமை இந்த ஓர் இடத்தில் முழுசாகத் தெரிகிறது.

1926இல் தன் பியர்ஸ்-ஆரோ காரில் இந்த ஏற்பாட்டைப் பொருத்தி டெட்ராய்ட்டுக்கு ஓட்டிப்போய்ப் பொறியாளர்களுக்குக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் அவரோடு ஒப்பந்தம் போட்டது. காடிலாக் கார்களில் பொருத்துவதற்காகப் பல ஆண்டுகள் வேலை நடந்தது. பிறகு பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. காடிலாக் வாங்குவோரின் எண்ணிக்கை சுருங்கியது. அவ்வளவு குறைந்த எண்ணிக்கைக்கு இந்தப் பொருளைச் செய்வது கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டு, 1934 வாக்கில் கம்பெனி கைவிட்டுவிட்டது. 1936இல் டேவிஸ் பெண்டிக்ஸ் கம்பெனியோடு சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் கவச வண்டிகளும் கனரக ராணுவ வாகனங்களும் அவருடைய ஏற்பாட்டைக் கொண்டு ஓடின. போர் முடிவதற்குள் அப்படி 10,000க்கும் மேற்பட்ட வாகனங்கள். கடையில் ஒரு காரில்கூட இல்லாத வசதி போர்க்களத்தில் வேலை செய்துகொண்டிருந்தது.

இதே ஆண்டுகளில் வேறு இடங்களில், ஸ்டீயரிங்கைப் பற்றி நினைக்காத சிலர் எண்ணெயை அடைக்கும் வழிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஜெர்மனியின் வைன்ஹைம் ஊரில் ஃபிராய்டன்பெர்க் என்பது தோல் பதனிடும் குடும்பம். 1849இலிருந்து அதே தொழில். 1929இல் உலகச் சந்தை சரிந்தபோது தோலுக்குப் புதிய பயன் தேடி, அதைக் கார்த் தொழிலுக்கான சீலாக வெட்டத் தொடங்கினார்கள். அங்கே வேலைபார்த்த வால்தர் ஸிம்மர் என்ற பொறியாளர், சுழலும் ஷாஃப்ட்டைச் சுற்றித் தோல் உதடு ஒன்று தழுவி நிற்கும்படி, அதை உலோகக் கூட்டுக்குள் வைத்து ஒரு வளையமாக்கினார். அடிபம்பில் தோல் வாஷர் மாற்றியவர்களுக்கு அந்தத் தோலின் குணம் தெரியும்: ஈரம் இருக்கும்வரை விசுவாசமாக இருக்கும், காய்ந்தால் சுருங்கிவிடும். 1930களின் நடுவில் அதே வளையத்தில் தோலின் இடத்துக்குச் செயற்கை ரப்பர் வந்தது. நம் ஊர்க் கடைகளில் ஆயில் சீல் என்று கேட்டு வாங்கும் பொருளின் முன்னோர்களில் ஒன்று இந்த ஜெர்மன் வளையம்.

இயற்கை ரப்பருக்கு ஒரு தீராத பலவீனம் உண்டு. கனிம எண்ணெய் பட்டால் ஊதிக் கொழகொழத்துப் போகும். எண்ணெயைத் தாங்கும் ரப்பர் வேதியியல் கூடத்தில்தான் பிறக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் நியோப்ரீனும் ஜெர்மனியில் நைட்ரைல் ரப்பரும் 1930களில் வந்தன. பவர் ஸ்டீயரிங் பம்பில் இன்று இருக்கும் கறுப்பு வளையங்களில் பெரும்பாலானவை நைட்ரைலின் வாரிசுகள்.

இன்னொருவர், நீல்ஸ் கிறிஸ்டென்சன். டென்மார்க்கில் பிறந்து 1891இல் அமெரிக்காவுக்குக் குடியேறியவர். டிராம் வண்டிகளுக்குக் காற்று பிரேக் செய்தவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகு 1937இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1939இல் கிடைத்தது. பொருள் என்னவோ எளியது: உருண்டையான ரப்பர் வளையம் ஒன்று, அது உட்காரும் பள்ளம் வளையத்தைவிடக் கொஞ்சம் அகலம். எண்ணெய் தள்ளத் தள்ள வளையம் பள்ளத்தின் ஓரத்துக்கு நகர்ந்து நசுங்கி அந்த வழியையே அடைத்துக்கொள்ளும். அழுத்தம் கூடினால் பிடியும் கூடும். போர்க்காலத்தில் அமெரிக்க அரசு அந்த உரிமையை 75,000 டாலருக்கு எடுத்து விமானத் தொழிற்சாலைகள் எல்லாவற்றுக்கும் திறந்துவிட்டது. விமானங்களின் சக்கரத்தை மடக்கும் ஹைட்ராலிக் உருளைகளில் லட்சக்கணக்கில் வேலை செய்து தன்னை நிரூபித்த பிறகு, ஓ-ரிங் அமைதிக்காலத் தொழிற்சாலைகளுக்கு வந்து சேர்ந்தது.

பம்பும் இதற்கிடையில் பக்குவப்பட்டிருந்தது. ஹாரி விக்கர்ஸ் 1925இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வடித்த தகட்டுப் பம்பில், ரோட்டரின் பிளவுகளிலிருந்து தகடுகள் வெளியே வழுக்கி வந்து முட்டை வடிவ வளையத்தின் சுவரை உரசிக்கொண்டே எண்ணெயைத் தள்ளும். எதிரெதிரான இரண்டு பக்கங்களிலும் ஒரே நேரத்தில் அழுத்தம் உண்டாவதால் ஷாஃப்ட் ஒரு பக்கமாக இழுபடாது. ஷாஃப்ட் நேராகச் சுழன்றால்தான் அதைச் சுற்றிய சீல் நெடுநாள் நிற்கும்.

இத்தனையும் கையில் இருந்த நேரத்தில்தான் 1951 வந்தது. டேவிஸின் சில காப்புரிமைகள் காலாவதி ஆகியிருந்தன. அவற்றின் அடிப்படையில் கிரைஸ்லர் தன் இம்பீரியல் காரில் ‘ஹைட்ராகைடு’ என்ற பெயரில் பவர் ஸ்டீயரிங்கை விற்பனைக்கு வைத்தது. கூடுதல் விலை 226 டாலர். அதே ஆண்டுதான் அந்தக் காருக்கு 180 குதிரைத்திறனுள்ள புதிய வி-8 என்ஜினும் வந்திருந்தது. இரண்டு டன்னை ஒட்டிய கனம். போட்டியாளன் முந்திக்கொண்டதும் ஜெனரல் மோட்டார்ஸ் விழித்தது. பெருமந்தக் காலத்தில் மூட்டை கட்டிப் போட்டிருந்த டேவிஸின் வேலையைத் தூசி தட்டி, 1952 காடிலாக்கில் கொண்டுவந்தது. டேவிஸ் அப்போது அறுபதுகளில் இருந்தார். 1978இல் அவர் இறந்தபோது பெரிய அமெரிக்கக் கார்களில் பவர் ஸ்டீயரிங் இல்லாத காரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

எல்லோரும் டேவிஸ் வழியில் போகவில்லை. 1955இல் பாரிஸ் கண்காட்சியில் வந்த சிட்ரோயன் டிஎஸ், அவர் தவிர்த்த வழியையே துணிந்து எடுத்தது. ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய், எப்போதும் சேமிப்பில் நிற்கும் உயர் அழுத்தம். முக்கியமான வால்வுகளை ரப்பரை நம்பாமல் மயிரிழைக்கும் குறைவான இடைவெளியில் உலோகத்தோடு உலோகமாகக் கடைந்தார்கள். அந்த இடைவெளியில் எண்ணெய் துளித்துளியாகக் கசியத்தான் செய்யும். அதை ஒரு குறையாக நினைக்காமல், கசிவைப் பிடித்துத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பத் தனிக் குழாய்களையே போட்டார்கள். கசிவை வடிவமைப்புக்குள் ஏற்றுக்கொண்ட கார் அது. ஆனால் முதலில் ஊற்றிய சிவப்பு நிற எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி உள்ளே துருவை உண்டாக்கியது. 1960களின் பிற்பாதியில் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறினார்கள். இரண்டுக்கும் ரப்பர் வேறு வேறு. சிவப்பு ஊற்ற வேண்டிய பழைய டிஎஸ்ஸில் தெரியாமல் பச்சையை ஊற்றினால் கார் முழுக்க உள்ள சீல்கள் கெட்டுப்போகும். பழைய சிட்ரோயன் வைத்திருப்பவர்கள் மூடியைத் திறக்கும் முன் நிறத்தை இரண்டு முறை பார்ப்பது அதனால்தான்.

அமெரிக்காவில் பம்ப் என்றால் பெரும்பாலும் சாகினா. மிச்சிகன் மாநிலத்தின் அந்த ஊரில் 1906இல் தொடங்கிய பட்டறையை 1909இல் பியூக் வாங்கியது. பின்னாளில் அது ஜெனரல் மோட்டார்ஸின் ஸ்டீயரிங் பிரிவாக வளர்ந்தது. 1960களில் அங்கிருந்து வந்த பம்ப், டின்னில் அடைத்த இறைச்சியின் டப்பா போன்ற எண்ணெய்த் தொட்டியை முதுகில் சுமந்தபடி, செவர்லே முதல் காடிலாக் வரை ஓடியது. கிரைஸ்லரும் அமெரிக்கன் மோட்டார்ஸும் கூடச் சில வண்டிகளுக்கு அதை வாங்கிப் போட்டன. பழைய கார்களைப் புதுப்பிப்பவர்கள் இன்று அதிகமாகக் கழற்றுவதும் இதைத்தான்.

இந்தப் பம்பைப் பிரித்துப் பார்த்தால், இதைச் செய்தவர்கள் ஒருநாள் யாரோ ஒருவர் இதைத் திறப்பார் என்று நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள் என்பது புரியும். கசிவது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை, பலர் அவசரப்பட்டுத் தவறவிடும் வேலையும் அதுதான். காற்றோட்டம் எண்ணெயைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். பெல்ட் அதைச் சுற்றிலும் வீசும். நனைந்திருக்கும் இடமெல்லாம் கசியும் இடம் ஆகாது. பம்பையும் ஹோஸ்களையும் சுத்தமாகத் துடைத்துக் காய வைத்து, என்ஜினை ஓடவிட்டு, இன்னொருவரை ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லி விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்து, அங்கேயே சில நொடிகளுக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது; அழுத்தம் உச்சத்தில் நின்று எண்ணெய் கொதித்துவிடும்.

சில நேரம் குற்றவாளி பம்பே இல்லை. தொட்டிக்குத் திரும்பும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருக்கும். மஸ்டாங், கார்வெட் போன்ற கார்களில் பவர் ஸ்டீயரிங்கின் வால்வும் சிலிண்டரும் ஸ்டீயரிங் பெட்டிக்குள் இல்லாமல் வண்டியின் அடியில் கம்பிகளோடு சேர்த்துத் தொங்கவிடப்பட்டிருக்கும். சேறும் கல்லும் படும் அந்த வால்வு கசிவுக்குப் பேர்போனது.

பம்ப்தான் என்று உறுதியானால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். புல்லிக்குப் பின்னால் முகத்தில் ஈரம் என்றால் ஷாஃப்ட் சீல். தொட்டிக்கும் பம்பின் உடலுக்கும் நடுவே சுற்றிலும் ஈரம் என்றால் பெரிய ஓ-ரிங். பின்பக்கம் என்றால், தொட்டியைப் பிடித்திருக்கும் ஸ்டட்களின் அடியிலும் அழுத்த ஹோஸ் மாட்டும் இணைப்பின் அடியிலும் இருக்கும் சிறிய வளையங்கள். உள்ளே கோடி மூடியின் ஓரத்தில் இன்னொன்று உண்டு. அது கம்பி லாக் ஒன்றால் பிடிக்கப்பட்டிருக்கும். உடலில் இருக்கும் சிறு துளை வழியாக ஊசிப் பன்ச்சால் குத்தினால் லாக் மேலே எழும்பும். அந்தத் துளையை மிச்சிகனில் போட்டவர்கள் பழுதுபார்ப்பவரை நினைத்துத்தான் போட்டிருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் புல்லியைக் கழற்ற வேண்டும். இங்கேதான் நல்ல பம்ப்கள் சாகின்றன. பழைய வகையில் ஷாஃப்ட்டில் சாவியும் நட்டும் இருக்கும். பிற்கால வகையில் புல்லி அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். இரண்டிலும் சுத்தியல் ஆகாது. அடி நேராக ஷாஃப்ட் வழியே போய் உள்ளே ரோட்டரையும் தகடுகளையும் தாக்கும். புல்லியின் கழுத்துப் பள்ளத்தைக் கவ்வி இழுக்கும் புல்லர் கருவி உண்டு. திரும்ப ஏற்றுவதற்கும் ஷாஃப்ட்டின் நடுவில் இருக்கும் மரையைப் பிடித்து அழுத்தும் கருவிதான் வேண்டும். ஷாஃப்ட் சீலை மட்டும் மாற்றுவதாக இருந்தால் பம்பை முழுக்கப் பிரிக்கக்கூடத் தேவையில்லை. ஷாஃப்ட்டைச் சுற்றி மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிக் காப்புக் கொடுத்துவிட்டு, பழைய சீலைச் சிறு உளியால் மடக்கி வெளியே எடுத்துவிடலாம்.

சீல் மாற்றிய சில வாரங்களில் மறுபடி கசிகிறது என்று வருபவர்கள் அதிகம். புதிய சீலைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் குறை ஷாஃப்ட்டில் இருக்கும். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் உரசிய சீல் உதடு எஃகிலேயே ஒரு பள்ளம் அறுத்திருக்கும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டும். ஓடாமல் நின்ற காராக இருந்தால் அந்த இடத்தில் துரு பிடித்து மேடு பள்ளமாகியிருக்கும். லேசான துருவை நைஸ் உப்புத்தாளால் சுற்றுவாக்கில் தேய்த்து எடுக்கலாம். ஆழமான பள்ளத்துக்கு மருந்து வேறு ஷாஃப்ட்தான். அடுத்தது பெல்ட். சத்தம் வரக் கூடாது என்று பெல்ட்டை விறைப்பாக இழுத்துக் கட்டினால், விக்கர்ஸ் அவ்வளவு யோசித்துச் சமன்படுத்திய ஷாஃப்ட் வெளியிலிருந்து ஒரு பக்கமாக இழுபடும். முன் புஷ் தேயும், ஷாஃப்ட் ஆடும், ஆடும் ஷாஃப்ட்டை எந்த ரப்பராலும் தழுவி நிற்க முடியாது.

பம்பை முழுக்கப் பிரித்தவர்கள் திரும்பக் கோக்கும்போது தகடுகளின் உருண்டையான விளிம்பு வெளிச்சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். முட்டை வடிவ வளையத்தின் மேல் அம்புக்குறி ஒன்று பொறித்திருக்கும். அது உடலின் பின்பக்கத்தை நோக்க வேண்டும். புதிய வளையங்களைப் பவர் ஸ்டீயரிங் எண்ணெயில் நனைத்துத்தான் ஏற்ற வேண்டும். காய்ந்த ரப்பர் ஏறும்போதே முறுக்கிக் கிழிந்துவிடும்.

கசிவை நிறுத்தும் மருந்து என்று புட்டியில் விற்கப்படுவது பற்றி ஒரு வார்த்தை. அதில் இருப்பது ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கும் பொருள். இறுகிப்போன சீல் ஊதிக் கொஞ்ச நாள் அடைக்கும். ஊரைத் தாண்டி நடுவழியில் நிற்கும் கார் வீடு வந்து சேர அது உதவலாம். ஆனால் அறுபது ஆண்டுகள் தாங்கிய பம்பை அதே மருந்திலேயே வருடக்கணக்கில் ஊறவைப்பது, சில வளையங்களுக்காக ஒரு நல்ல இயந்திரத்தையே பலி கொடுப்பது. பழைய பம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மாற்றுப் பம்ப் வாங்கிப் பொருத்துவதும் சரியான வழி ஆகாது. காரோடு பிறந்த பம்பின் இரும்பு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், வயதாவது ரப்பருக்கு.

எல்லாம் பூட்டிய பிறகு காற்றை வெளியேற்றும் வேலை பாக்கி. முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, தொட்டியில் எண்ணெய் ஊற்றி, என்ஜினைப் போடாமலே ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகப் பலமுறை சுற்ற வேண்டும். குமிழி வருவது நின்ற பிறகுதான் என்ஜினைத் தொட வேண்டும். இந்தப் பொறுமை இல்லாமல் உடனே ஸ்டார்ட் செய்தால் பம்ப் காற்றையும் எண்ணெயையும் சேர்த்து அடித்து நுரையாக்கிவிடும். நுரைத்த எண்ணெயில் பம்ப் உறுமும், தகடுகளுக்கு மசகு கிடைக்காது.

தமிழ்நாட்டில் இந்தச் சிவப்புத் திட்டைப் பார்த்தவர்கள் நெடுங்காலம் மிகச் சிலரே. அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய பல பத்தாண்டுகளில் ஸ்டீயரிங் என்றால் கையின் பலம்தான். தூதரகங்கள் பயன்படுத்திய இம்பாலா போன்ற கார்கள் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியாக ஏலத்துக்கு வந்து தனியார் கைகளுக்குப் போயின. அவற்றோடுதான் பவர் ஸ்டீயரிங் பம்பும் நம் பட்டறைகளுக்கு அறிமுகமானது. மாற்றுப் பாகம் கப்பலில் வர வேண்டிய காலம். எனவே மெக்கானிக்குகள் வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு அளவுப்படி சீல் தேடினார்கள்: ஷாஃப்ட்டின் தடிமன், குழியின் அகலம், சீலின் உயரம். சென்னைப் புதுப்பேட்டையில் இந்த மூன்று எண்ணைச் சொன்னால் போதும். அங்குலத்துக்கும் மில்லிமீட்டருக்கும் இடையேதான் சிக்கல். முக்கால் அங்குல ஷாஃப்ட் 19.05 மில்லிமீட்டர், 19க்குச் செய்த சீல் அதில் உட்காரும். குழியின் அளவு அப்படி ஒத்துவராத நேரங்களும் உண்டு. இப்படி அளந்து வாங்குபவர்கள் ரப்பர் எது என்றும் கேட்க வேண்டும். தண்ணீர்ப் பம்புக்குச் செய்த சாதாரண ரப்பர் வளையம் அளவில் அச்சாகப் பொருந்தினாலும், ஸ்டீயரிங் எண்ணெயில் சில மாதங்களில் ஊதிப்போகும்.

இங்கேயும் லாரிக்கும் பஸ்ஸுக்கும்தான் முதலில் தேவை வந்தது. சென்னையின் ரானே குழுமம் அமெரிக்காவின் டிஆர்டபிள்யூ நிறுவனத்துடன் சேர்ந்து 1980களின் பிற்பாதியில் திருச்சிக்குத் தெற்கே விராலிமலையில் பவர் ஸ்டீயரிங் தயாரிக்கத் தொடங்கியது. மலைப்பாதையில் பஸ் ஓட்டும் ஓட்டுநரின் தோளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளைத் திருப்பியவர்கள் சொல்லக் கேட்க வேண்டும்.

1988இல் ஜப்பானில் சுசூகி தன் செர்வோ என்ற சிறிய காரில் எண்ணெயே இல்லாத ஸ்டீயரிங்கைக் கொண்டுவந்தது. உதவியை மின்மோட்டார் கொடுத்தது. 1903 கொலம்பியா லாரியில் எடுபடாத யோசனை, மின்னணுக் கட்டுப்பாடு வந்த பிறகு எடுபட்டது. பம்ப் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்க என்ஜின் செலவழிக்கும் பெட்ரோல் இதில் மிச்சம். இன்று கடைக்கு வரும் புதிய கார்களில் எண்ணெய்ப் பம்ப் அரிதாகிவிட்டது. சாகினாவின் ஸ்டீயரிங் தொழிற்சாலையும் ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து பிரிந்து, நெக்ஸ்டியர் என்ற பெயரில் 2010இல் சீன முதலீட்டாளர்களுக்குக் கைமாறியது. இப்போது அங்கே முக்கியமாகச் செய்வது மின் ஸ்டீயரிங்தான்.

1960களின் சாகினா பம்புக்கான சீல் செட் இன்னும் விற்பனையில் இருக்கிறது: ஒரு ஷாஃப்ட் சீல், தொட்டிக்கான பெரிய வளையம், ஸ்டட்களுக்கும் இணைப்புக்கும் சிறிய வளையங்கள். கோடிக்கணக்கான பம்ப்கள் செய்யப்பட்டதால் இவற்றுக்கு இன்னும் ஆள் இருக்கிறது. அவ்வளவு பரவாத பம்ப்களுக்கு, குறிப்பாக 1950களில் ஜெனரேட்டரின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்த ஆரம்பகால வகைகளுக்கு, செட் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு சிரமமாகிறது. அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் கசிவு தொடங்கும்வரை காத்திராமல், பழைய சீல்களின் அளவுகளை ஒரு தாளில் எழுதி, ஒரு செட் வளையங்களை வெயில் படாத டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள்.